படுக்கைக் கணக்குக்கு வெளியே: வேலூர் சி.எம்.சி.யின் வளர்ச்சி குறித்து

மருத்துவமனையின் வரலாற்றைப் படுக்கைகளின் எண்ணிக்கையால் எழுதுவது வழக்கமாகிவிட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அப்படி எழுதுவது மிக எளிது. 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் தம் தந்தையின் பங்களாவில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம், 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையானது. இன்று படுக்கைகள் ஆயிரக்கணக்கில். இக்கணக்கு பொய்யன்று. ஆனால் அவை யாருக்காகக் கூடின என்பதை அது சொல்வதில்லை. சிகிச்சையின் தரம் உயர உயர இம்மருத்துவமனை பக்கத்து ஊர் ஏழைக்கு எட்டாததாகும் நிலை வந்தது என்பதும், அதை ஈடுகட்டச் சிறு அமைப்புகளைத் தனியே கட்டியதே அதன் வளர்ச்சியில் கடினமான பகுதி என்பதும் என் வாதம்.

தொடக்க ஆண்டுகளில் பெருகும் கூட்டத்துக்குக் கட்டடம் மட்டும் விடையாக இருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுக்கும் சாலையோர மருத்துவம் ஷெல் மருத்துவமனை திறந்த சில ஆண்டுகளுக்குள் தொடங்கிவிட்டது. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி; 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1922-இல் தேர்வெழுதி வெளிவந்த முதல் அணியினர் 14 பேர். ஆண் மருத்துவரிடம் பிரசவம் பார்க்க மறுத்த குடும்பங்கள் நிறைந்த பகுதிக்கு ஒரு வெளிநாட்டுப் பெண் மருத்துவர் எந்தக் காலத்திலும் போதமாட்டார். இந்த மண்ணிலேயே மருத்துவர்களை உருவாக்கும் முடிவை, நூறு படுக்கை கூட்டுவதைவிடப் பெரிய விரிவாக்கமாகவே நான் கருதுகிறேன்.

1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு இப்பள்ளி கற்பித்துவந்த மருத்துவ உரிமப் படிப்பைக் கைவிட்டது. எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயராவிட்டால் பள்ளியை மூட வேண்டிய நிலை. 1942-இல் அது கல்லூரியாயிற்று. 1947-இல் ஆண்களும் சேர்ந்தனர். பட்டப் படிப்புக்குத் துறைகள் வேண்டும், துறைகளுக்கு வல்லுநர்கள் வேண்டும். 1961-இல் திறந்த இதய அறுவை, 1971-இல் சிறுநீரக மாற்று என்று பெயர் பரவியது. வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் வரை நோயாளிகள் திரண்டனர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளப் பெயர்ப்பலகைகளும் விடுதிகளும் பெருகின. இப்படிப்பட்ட இடத்தில் காய்ச்சலோடு வரும் உள்ளூர்க் கூலித் தொழிலாளிக்கு நீண்ட வரிசையே ஒரு தடை. ஒருநாள் காத்திருப்பு என்பது ஒருநாள் கூலி.

நிறுவனம் இதற்குக் கண்ட விடைகள் தனித்தனியானவை. பாகாயத்தில் சமூக சுகாதாரத் துறை ஒரு சிறு மருத்துவமனையை நடத்துவதோடு, கணியம்பாடி ஒன்றியத்தின் ஊர்களுக்கும் போகிறது. அங்கே ஊர்ப் பெண்ணான சுகாதாரப் பணியாளர், சுகாதார உதவியாளர், செவிலியர், மருத்துவர் எனப் படிப்படியான அமைப்பு உண்டு; கர்ப்பம், பிறப்பு, இறப்பு யாவும் வீடுவாரியாகப் பதிவாகின்றன. நோயாளி வரும்வரை காத்திராமல் மக்கள்தொகையையே கணக்கில் வைக்கும் முறை இது. 1977-இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய ‘ரூசா’ என்ற பிரிவு மருத்துவத்தோடு ஊரக வளர்ச்சியையும் இணைத்தது. 1982-இல் நகரத்து ஏழைகளுக்காகக் குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு வந்தது. தேவையற்ற பரிசோதனையைத் தவிர்த்துக் குடும்ப மருத்துவராகச் சிந்திக்கப் பழக்குவதால், இப்பிரிவு ஏழைக்குச் சிகிச்சையிடம் மட்டுமன்று, மருத்துவருக்குப் பள்ளிக்கூடமும்கூட.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கையில் இவை எதற்கு என்று கேட்கலாம். தொலைவிலிருந்து வருவோர் செலுத்தும் கட்டணமல்லவா உள்ளூர் இலவசத்தைத் தாங்குகிறது என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியில் உண்மை உண்டு. ஆயினும் பணம் இருப்பதால் மட்டும் சிகிச்சை வாசலுக்கு வந்துவிடாது. கொண்டுசெல்ல ஆளும், இன்னின்னாருக்கு என்று எழுதிய பதிவேடும் வேண்டும். முதல் கேள்விக்கு விடை பொறுப்பின் எல்லையில் இருக்கிறது: மருத்துவர்களைப் பயிற்றும் நிறுவனம் தன் வாசலுக்கு வெளியே ஒரு மக்கள்தொகைக்குப் பெயர் பெயராகப் பொறுப்பேற்காவிட்டால், அங்கே பயில்பவர் நோயை மட்டுமே கற்பார்.

2022-இல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இராணிப்பேட்டை வளாகம் திறக்கப்பட்டு, விபத்துச் சிகிச்சை அங்கே போயிற்று. நெடுஞ்சாலை விபத்துக்கு அது சரியான இடம். ஆற்காடு, வாலாஜா பகுதி ஊர்களுக்கு அதனால் விளையும் பயனை மதிப்பிடுவோர், கணியம்பாடியில் உள்ளதைப் போன்ற வீடுவாரிப் பதிவேட்டையே முதல் சான்றாகக் கேட்க வேண்டும். அறுவை அரங்குகளின் எண்ணிக்கை அதற்குப் பிறகே.