கொல்லைப்புறத்துக் கணக்கு

பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு விற்கப் போகிறாள். மோருக்குக் கிடைத்த தானியத்தில் சுற்றத்தாருக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய்யை மட்டும் தனிக் கணக்கில் வைத்திருக்கிறாள். அதற்கு விலையாகப் பொன் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். எருமையாகவும் நல்ல பசுவாகவும் கரிய கிடாரியாகவும் வாங்கிக்கொள்கிறாள்.

முதுகலை வகுப்பில் இதை எனக்கு 'முல்லைநில மக்களின் பண்டமாற்று' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல வருடம் மாணவிகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல். அதற்குப் பிறகு இத்தனை தலைமுறை தமிழ் படித்தும், 'மக்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள் ஒருத்தி காணாமல் போவது நம் கண்ணை உறுத்தவில்லை. அங்கே பொன் வேண்டாம் என்று சொன்னது முல்லை நிலம் அல்ல, ஒரு பெண். மோர் அன்றைய பசிக்கு, நெய் நாளைய மந்தைக்கு என்று பிரித்து வைத்ததும் அவள்தான். ஆடவர் ஆநிரை கவர்ந்ததற்கும் மீட்டதற்கும் வெட்சி, கரந்தை என்று திணைகள் உண்டு; செத்தவர்களுக்கு நடுகல் உண்டு. அதே ஆநிரையை நெய் கொடுத்துச் சேர்த்தவளுக்குச் சில அடிகள்தான்.

பொன்னை ஏன் மறுத்தாள் என்று பாட்டு சொல்லவில்லை. பொன் குட்டி போடாது என்பது எளிய காரணம். பொன் வீட்டுக்குள் வந்ததும் அவள் கையைவிட்டுப் போய்விடும் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். இந்த ஊகத்துக்கு என்னைக் கொண்டுவந்தது நூலகம் அல்ல, என் அப்பத்தா.

சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த பூமி எங்களுடையது. எங்கள் ஊரில் ஆண்கள் மாடு மாற்றுவதும் விற்பதும் சந்தையில். மணப்பாறையானாலும் பொள்ளாச்சியானாலும் அந்தக் காட்சி ஒன்றுதான்: துண்டைப் போட்டு மூடிய கைக்குள் விரல் பிடித்துப் பேரம், நடுவில் தரகர், முடிந்ததும் டீக்கடை. பெண்கள் மாற்றிக்கொள்வது கொல்லைப்புறத்தில். கிடாக்குட்டியைக் கொடுத்துப் பெட்டைக்குட்டி வாங்கினால் மேலுக்கு ஒரு கோழி தர வேண்டும். அடைக்கு வைக்க முட்டை கொடுத்தால் பொரித்த குஞ்சில் பங்கு. முட்டை பொரிய 21 நாள், வெள்ளாடு குட்டி போட ஐந்து மாதம், எருமைக்குப் பத்து மாதம் என்று காலத்தையும் சேர்த்தே மதிப்புப் போட்டார்கள். வட்டி என்ற சொல்லைச் சொல்லாமலே வட்டிக் கணக்கு தெரிந்தவர்கள். ஆட்டைக் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிற்றோடு ராசி போய்விடும் என்று நம்பிக்கை.

அப்பத்தா ஏழு கோழியைக் கொடுத்து ஒரு வெள்ளாட்டுக் கிடாரியை வாங்கினாள். அது பதினொன்றாகப் பெருகியது. ஒருநாள் அவள் களையெடுக்கப் போயிருந்தபோது தாத்தா பதினொன்றையும் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டார். கிணறு வெட்டப் பணம் வேண்டியிருந்தது. கிணற்றில் தண்ணீர் வந்ததா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அவள் சண்டை போடவில்லை என்று அம்மா சொல்வாள். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தொழுவத்தில் அவளுடைய ஆடு என்று ஒன்றுகூட நின்றதில்லை.

ஆடுகள் வாரத்துக்குப் போயிருந்தன. தாயாடு கொடுத்தவளுக்கு, குட்டியில் பாதி வளர்த்தவளுக்கு. ஆடு செத்தால் தோலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாரத்தைக் கூலியற்ற உழைப்பைச் சுரண்டும் முறை என்று எழுதலாம். பண்ணையார் மாட்டைச் சேரியில் வளர்க்கவிட்ட கதைகளில் அது உண்மையும்கூட. ஆனால் அப்பத்தாவுக்கு அது கணவன் கை எட்டாத பெட்டகம். அவள் ஆடுகள் நின்றது காலனியில் ஒருத்தியின் பட்டியில். நிலம் இல்லாத அவளுக்கு முதல் போடாமல் மந்தை சேர்க்க இருந்த வழி இதுதான். இருவருக்கும் ஆதாயம் என்று இங்கேயே முடித்துவிட எனக்கும் ஆசை. முடியவில்லை. முப்பது வருடம் ஆட்டை நம்பி விட்ட அப்பத்தா, அவள் வீட்டில் ஒருவாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

கல்வெட்டுகளிலும் இப்படிப் பாதி தெரிந்து பாதி மறைகிற பெண்கள் உண்டு. சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிய ஆடு கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடு; பசுவானால் 48, எருமையானால் 16. அதாவது ஒரு எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் அளவு குறையக் கூடாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். எனக்கு அழகாகவும் கொடூரமாகவும் படுகிற பெயர். விளக்குக்குக் கொடுத்த அரசிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. நெய் அளக்கும் பொறுப்பேற்ற ஆண்களின் பெயரும் இருக்கிறது. தினம் அந்த உழக்கு நெய்க்காகத் தயிர் கடைந்த கை யாருடையது என்று கல் சொல்வதில்லை. சாகாமல் மூக்காமல் இருக்க வேண்டியது ஆடு மட்டும்தானா?

2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு நான்காக விலையில்லா ஆடு கொடுத்தது. அன்றைக்காவது ஆடு பெண்ணின் பெயரில் காகிதத்தில் ஏறியது. அதன் பிறகு அந்த ஆடு எந்தக் கொல்லை வழியாக எங்கே போனது, எதற்கு ஈடாக மாறியது என்பது பழையபடி வாய்க்கணக்குதான்.

அப்பத்தா இறந்து பதினாறு முடிந்த வாரம். அப்பாவும் சித்தப்பாவும் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் காலனியிலிருந்து அந்த அம்மா வந்தார். முன்வாசலுக்கு வரவில்லை, கொல்லைப் படலுக்கு வெளியே நின்றார். கையில் கயிறு, கயிற்றில் ஒரு தாயாடு, பின்னால் இரண்டு குட்டி. அப்பா வீட்டில் இல்லை என்று சொன்னேன். "அவுக எதுக்குத் தாயி, ஒங்க அம்மாவக் கூப்புடு" என்றார்.

அம்மா வந்தாள். "ஆத்தா கணக்குல இதுதான் பாக்கி. குட்டில ஒண்ணு எனக்கு" என்று சொல்லி அவர் கயிற்றை நீட்டினார். தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை அம்மா ஒருமையில்தான் பேசினாள். எங்கள் ஊர் வழக்கம் அது. தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஓட்டிட்டுப் போயிரு. வாரத்த எம்பேருக்கு மாத்திக்க."