2007க்குத் திரும்பிப் போறீங்களா? ரூன்ஸ்கேப் கதையைக் கேட்டுட்டுப் போங்க

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல கூட வேலை பாக்கிற நண்பர் ஒருத்தர் கேட்டார். "நீ ரூன்ஸ்கேப் ஆடுவியாமே, நானும் ஸ்கூல் படிக்கும்போது ஆடியிருக்கேன், திரும்ப ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என் பழைய அக்கவுண்ட் இன்னும் இருக்குமா?" ரெண்டு வரியில பதில் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். சாப்பாடு முடிஞ்சு, காபியும் முடிஞ்சு, மூணு மணி மீட்டிங்குக்கு ரெண்டு பேருமே லேட். அதான் எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு: ரூன்ஸ்கேப்ங்கிறது ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல ஒண்ணா நடமாடுற ஆன்லைன் விளையாட்டு. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், டிராகனைக் கொல்லலாம். (பெரும்பாலும் மரம்தான் வெட்டுவோம்.) இங்கிலாந்துல ஆண்ட்ரூ கோவர்னு ஒரு கல்லூரி மாணவர் தன் சகோதரரோட சேர்ந்து எழுதி, 2001 ஜனவரி 4ல வெளியிட்டார். அப்புறம்தான் ஜாஜெக்ஸ் கம்பெனி வந்தது. 2004 மார்ச்ல முழுசா திருத்தி எழுதி ரூன்ஸ்கேப் 2ன்னு விட்டாங்க. இது உலகம் முழுக்கப் பரவினதுக்கு முக்கியமான காரணம் கிராபிக்ஸ் இல்லை, ஜாவா. எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பிரவுசர்லயே ஓடும். பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து உக்கார்ற பையனுக்கு வேற எந்த விளையாட்டு அப்படிக் கிடைச்சது? அந்தப் பையன்கள்ல நானும் ஒருத்தன். ஆனா ஒரு உண்மையை ஒத்துக்கணும். நான் சேர்ந்தது 2010ல. எல்லாரும் புலம்புற அந்தப் பொற்கால 2007ஐ நான் கண்ணால பாத்ததே இல்லை :-)

சரி, 2007ல அப்படி என்ன நடந்தது? விளையாட்டுத் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விக்கிற கும்பல் பெருகிப் போச்சு. அவங்க திருட்டு கிரெடிட் கார்டுல மெம்பர்ஷிப் வாங்கி, நாள் பூரா தங்கம் சேர்த்து வித்தாங்க. கார்டோட நிஜச் சொந்தக்காரர் புகார் பண்ணினதும் பணத்தை வங்கிக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியது கம்பெனி. இது கம்பெனியையே மூடிடும்ங்கிற நிலைமை வந்ததும் ஜாஜெக்ஸ் வேரையே வெட்டிச்சு. 2007 டிசம்பர் 10ல வைல்டர்னஸ் பகுதியில ஒருத்தரை ஒருத்தர் இஷ்டத்துக்குக் கொல்றதை நிறுத்தினாங்க. 2008 ஜனவரியில இருந்து ரெண்டு பேர் பண்டமாற்று பண்ணினா மதிப்பு கிட்டத்தட்ட சமமா இருக்கணும்னு சட்டம். ஆரம்பத்துல 15 நிமிஷத்துக்கு 3,000 காயின்தான் வித்தியாசம் இருக்கலாம். அதாவது நண்பனுக்கு ஒரு நல்ல கத்தியைச் சும்மா குடுக்க முடியாது.

தங்கக் கும்பலுக்கு அடி விழுந்தது உண்மை. கூடவே கொடைக்கும் திருட்டுக்கும் சேர்த்தே பூட்டுப் போட்டாச்சு. பழைய ஆளுங்க கோவிச்சுக்கிட்டு ஏராளமா வெளியேறினாங்க. நான் உள்ள நுழைஞ்சது இந்தப் பூட்டுப் போட்ட உலகத்துலதான். எனக்கு அது குறையாவே தெரியலை. எல்லாத்தையும் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்ங்கிற சந்தையில விலை பாத்து வாங்கினேன், வித்தேன். 2010 கடைசியில ஓட்டெடுப்பு வெச்சாங்க. 12 லட்சத்துக்கு மேல ஓட்டு, 91 சதவீதம் பேர் பழைய மாதிரியே வேணும்னு சொல்லிட்டாங்க. 2011 பிப்ரவரி 1ல பூட்டைத் திறந்தாங்க.

திறந்த ரெண்டாவது வாரம் என் ரூன் கவசம் போச்சு. வாராக் வங்கி வாசல்ல ஒருத்தன் "இலவசமா உன் கவசத்துக்குத் தங்க ஓரம் கட்டித் தரேன்"ன்னு கத்திக்கிட்டு நின்னான். ஓரம் கட்டின கவசம் புதையல் வேட்டையில மட்டும்தான் கிடைக்கும், அப்படி ஒரு தொழிலே விளையாட்டுல கிடையாது. பழைய ஆளுங்களுக்கு இது பால்வாடி பாடம். மூணு வருஷம் பூட்டுக்குள்ள வளர்ந்த தலைமுறைக்கு யார் சொல்லிக் குடுக்கிறது? குடுத்தேன். லாக் அவுட் ஆயிட்டான். டிராகன் ஸ்லேயர் க்வெஸ்ட் முடிச்சுப் போட்ட கவசம் சார் அது. அங்கேயே நின்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல புலம்பிக்கிட்டிருந்தேன். முன்ன பின்ன தெரியாத இன்னொருத்தர் வந்து ட்ரேட் ஜன்னலைத் திறந்து முழு ரூன் செட்டை வெச்சார். பதிலுக்கு எதுவும் கேக்கலை. ஒரு மாசம் முன்னாடி நடந்திருந்தா அவன் திருடியிருக்கவும் முடியாது, இவர் குடுத்திருக்கவும் முடியாது. இது எனக்கு அப்போ உறைக்கலை. அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் மரம் வெட்டினோம்.

2012 நவம்பர் 20ல எவல்யூஷன் ஆஃப் காம்பாட்னு சண்டை முறையையே மாத்தினாங்க. க்ளிக் பண்ணிட்டு சும்மா பாத்துக்கிட்டிருந்த சண்டை போய், பட்டன் வரிசையைத் தட்டிக்கிட்டே இருக்கிற சண்டை வந்தது. அதே வருஷம் காசு குடுத்துச் சுத்துற அதிர்ஷ்டச் சக்கரமும் வந்திருந்தது. கூட்டம் கலைஞ்சது. நானும் போயிட்டேன்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம். ஜாஜெக்ஸ்கிட்ட 2007 ஆகஸ்ட் மாத பேக்கப் ஒண்ணு முழுசா இருந்தது. (உங்க கம்பெனியில ஆறு வருஷத்துக்கு முந்தின பேக்கப் இருக்கா? இருந்தாலும் அது ஓடுமா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.) 2013 பிப்ரவரியில ஓட்டுக்கு விட்டாங்க. 4,49,351 பேர் வேணும்னாங்க. ஓட்டெடுப்பு முடியுறதுக்குள்ளயே, பிப்ரவரி 22ல ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறந்துட்டாங்க. வந்தது கோட் மட்டும்தான், ஆளுங்களோட கணக்கு வரலை. எல்லாரும் லெவல் 3ல இருந்து ஆரம்பம்.

நண்பரோட கேள்விக்குப் பதில் இதுதான். உங்க பழைய ஆள் இருக்கிறது ரூன்ஸ்கேப் 3ல, அதாவது மாறிக்கிட்டே வந்த அசல் விளையாட்டுல. உங்க மனசுல இருக்கிற ஊர் இருக்கிறது ஓல்ட் ஸ்கூல்ல. அதே பேர், பாஸ்வேர்டுதான், ஆனா உள்ள போனா டுடோரியல் தீவுல புது ஆளா நிப்பீங்க. ஆளும் ஊரும் ஒரே இடத்துல கிடைக்காது.

அந்த ஊரும் அப்படியே நிக்கலை. எதைச் சேர்த்தாலும் ஆட்டக்காரங்க ஓட்டுப் போடணும், 75 சதவீதம் வேணும்னு விதி வெச்சாங்க. 2022ல அது 70 ஆச்சு. இப்படி ஓட்டுப் போட்டே காட் வார்ஸ் குகையை 2013 அக்டோபர்ல கொண்டு வந்தாங்க, 2015ல கிராண்ட் எக்ஸ்சேஞ்சும் வந்தது. புதுசா ஒரு ஸ்கில் வேணுமான்னு கேட்டப்போ மட்டும் மூணு தடவை தோத்துப் போச்சு. அதுல ஒண்ணு செய்லிங், ஏப்ரல் ஃபூல் ஜோக்கா ஆரம்பிச்சது. அதுவே 2023ல திரும்ப வந்து ஜெயிச்சு, 2025 நவம்பர்ல விளையாட்டுக்குள்ள வந்திடுச்சு. 23 ஸ்கில் இப்போ 24.

திரும்பிப் போறவங்க மனசுல வாங்கிக்க வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. லெவல் 99க்கு 1,30,34,431 புள்ளி. பாதி தூரம் எந்த லெவல்னு நினைக்கிறீங்க? 50? 75? 92! ஸ்கூல்ல "எனக்கு 70 ஆச்சு"ன்னு பீத்திக்கிட்டோமே, அது இருபதுல ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால எல்லாத்தையும் 99 ஆக்கணும்னு கிளம்பாதீங்க, வேலையும் குடும்பமும் இருக்கிற ஆளுக்கு அது ஆகாது. க்வெஸ்ட் பக்கம் போங்க. மெம்பரா இருந்தா முதல்ல வாட்டர்ஃபால் க்வெஸ்ட். லெவல் 3லயே முடிக்கலாம், சண்டையே போட வேண்டாம், ஓடினா போதும். முடிச்சதும் அட்டாக்கும் ஸ்ட்ரெங்த்தும் ஒண்ணுல இருந்து நேரா முப்பதுக்குப் போகும். செத்தாலும் பயப்படாதீங்க. முன்ன மாதிரி சாமான் தரையில சிதறாது. வைல்டர்னஸுக்கு வெளிய செத்தா 15 நிமிஷம் கல்லறைக்குள்ள பத்திரமா இருக்கும்.

ரூன்லைட்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, எங்க போகணும், எதை எடுக்கணும்னு திரையிலயே அம்புக்குறி போட்டுக் காட்டும். ஜாஜெக்ஸ் 2018ல அதை மூடப் பாத்து, ஆட்டக்காரங்க கொதிச்சதும் பின்வாங்கிச்சு. நல்ல சாமான்தான். ஆனா முதல் ஒரு வாரம் அந்த அம்புக்குறி இல்லாம ஆடிப் பாருங்கன்னு சொல்லுவேன். பேக்கப்ல இருந்து கோடைத் திருப்பிக் கொண்டு வந்திட்டாங்க, அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் தெரியாம இருந்ததைக் கொண்டு வர முடியலை. இன்னிக்கு எல்லாருக்கும் எல்லாம் தெரியும். வங்கி வாசல்ல முன்ன மாதிரி அரட்டை கிடையாது, பாதிப் பேர் வேற ஜன்னல்ல ஆபீஸ் வேலை பாத்துக்கிட்டு இங்க மரம் வெட்டறாங்க. (நானும்தான், மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க.)

அக்கவுண்டைப் பத்திரமா வெச்சுக்கோங்க, ரெண்டாவது பூட்டு, அதான் ஆத்தென்டிகேட்டர், போட்டுக்கோங்க. பாஸ்வேர்டைத் தலைகீழா டைப் பண்ணினா நட்சத்திரமா மாறும்னு எவனாவது சொன்னா அது அந்தக் காலத்துத் திருட்டு. தங்க ஓரம் கட்டித் தர்றவனும் இன்னும் இருக்கான்.

ஒண்ணு மட்டும் மறக்காம பண்ணுங்க. ஓல்ட் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ரூன்ஸ்கேப் 3ல ஒரு தடவை லாகின் பண்ணி ஃப்ரெண்ட் லிஸ்ட்டைப் பாருங்க. அந்தப் பேரெல்லாம் அங்க இன்னும் இருக்கும். நான் பாத்தேன். பதினாலு பேர், அத்தனை பேரும் ஆஃப்லைன். கவசம் குடுத்தவர் பேரும் இருந்தது. ஓல்ட் ஸ்கூல்ல ஆடும்போதும் அந்தப் பேரைப் பாத்துக்கிட்டே இருக்கேன்.  எட்டு மாசம் ஆச்சு, இன்னும் ஆஃப்லைன்தான்.

நண்பர் போன சனிக்கிழமை ஆரம்பிச்சிட்டார். திங்கக்கிழமை கேன்டீன்ல சோகமா உக்காந்திருந்தார். என்னாச்சுன்னேன். லம்பிரிட்ஜ் மாட்டுக் கொட்டகையில மூணு தடவை செத்தாராம். மாடு கிட்ட.