செவி பெற்ற பொறி

காது இருந்தால் போதுமா? கருத்தறிய வேண்டாமா? 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் 'ஆட்ரி' என்ற பொறிக்குச் செவி தந்தது. கேட்டது எதை? பத்தே எண்களை! அதுவும் பழகிய குரலில். 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. எண்களைச் சொல்லிக் கூட்டச் சொன்னால் கூட்டிற்று. விந்தைதான், மறுக்கவில்லை நாம். ஆனால் அந்தப் பதினாறுக்குள் அடங்கிப் பேச வேண்டியவன் மனிதனன்றோ? பொறி வகுத்த சொல்லுக்கு மனிதன் பணிந்தான்!

முறையைத் திருப்பிப் போட்டது 1990-களில் ஏ.டி.அண்ட்.டி. தொலைபேசி நிறுவனத்தார் நடத்திய ஆய்வு. "எவ்விதம் உதவட்டும்?" என்று கேட்டு, அழைத்தவரை அவர் போக்கில் பேசவிட்டனர். அதற்கெனத் தொலைபேசி ஊழியரிடம் மக்கள் பேசிய 10,000 உரையாடல்களைத் திரட்டினர். கட்டணத்தை எதிர்ப்புறத்தார் கட்டவேண்டும் என்பதை ஒருவர் நேராகச் சொல்வார். மற்றவர் தயங்கி, இழுத்து, சுற்றி வளைப்பார். விழைவு ஒன்றே! எந்தச் சொற்றொடர் எந்த வேலையோடு மிகுதியும் இணைந்து வருகிறது எனப் பொறி கணக்கிட்டது. பேச்சு முழுதும் பிடிபடாவிடினும் அத்தொடர் சிக்கினால் போதும். 15 வகைகளுள் இன்னதெனத் தீர்த்தது. மக்கள் வழக்கே பொறிக்குப் பாடமாயிற்று.

எந்த மக்கள்? அதையும் கேட்போம். 2020-இல் வெளியான ஆய்வொன்று, ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறி பொறிகளைச் சோதித்தது. அமெரிக்க வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை. கறுப்பின மக்கள் பேச்சில் 35! அவர்தம் பேச்சு திரட்டில் போதிய அளவு சேராமையே காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர். திரட்டப் போனவர்கள் அந்தத் தெருப்பக்கம் செல்லவில்லை போலும்!