ரொக் இசையும் காலப் பயணக் கதையும்

விஷ்ணு புராணத்திலே ஒரு கதை உண்டு. ரைவதன் என்னும் அரசன், தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகன் யார் எனக் கேட்டறியப் பிரமலோகம் சென்றான். அவ்வேளை அங்கே கந்தருவர் இசை பாடிக்கொண்டிருந்தனர். பாட்டு முடியட்டும் என்று அரசன் காத்திருந்தான். கணப்பொழுதே கழிந்ததாக அவன் எண்ணினான். ஆனால், அவன் தன் வினாவைக் கேட்டபோது பிரமன் நகைத்தான். பூமியிலே பல யுகங்கள் கழிந்துவிட்டன. அரசன் மனத்திற் கொண்டிருந்த மணமகன் எவனும் இப்போது உயிரோடில்லை. அவர்தம் பெயரர் தாமும் இல்லை. மீண்டு வந்த அரசன் மகளைப் பலராமனுக்கு மணமுடித்துக் கொடுத்தான்.

இக்கதையிலே காலம் மனிதனைக் கடந்து ஓடுகின்றது. ஓடிய காலத்தைத் திருப்பவோ திருத்தவோ அரசன் முயலவில்லை. மேல்நாட்டார் எழுதிய காலப் பயணக் கதைகளின் போக்கு வேறு. 1889ஆம் ஆண்டில் மார்க் டுவெயின் எழுதிய நாவலில், அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் ஆர்தர் மன்னன் காலத்துக்குப் போய், அக்காலத்தையே மாற்றியமைக்க முற்படுகின்றான். 1895இல் எச். ஜி. வெல்ஸ் அத்தகைய பயணத்துக்கென ஓர் இயந்திரத்தையே கற்பனை செய்தார். 1952இல் ரே பிராட்பரி எழுதிய சிறுகதையிலோ, தொல்லுலகுக்குச் சென்ற வேட்டைக்காரன் ஒருவன் அறியாமல் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகின்றான். திரும்பி வந்து பார்த்தால், தேர்தலின் முடிவும் மக்கள் எழுதும் மொழியும் மாறிக் கிடக்கின்றன. இறந்த காலத்தில் ஒரு சிறு பொருள் பிசகினும் நிகழ்காலம் குலைந்துவிடும் என்னும் இவ்விதியே, பின்வந்த காலப் பயணக் கதைகள் பலவற்றுக்கும் அடித்தளமாயிற்று.

இவ்விதியை இசை வரலாற்றின் மீது ஏற்றிப் பார்த்த கதை ஒன்றை அமெரிக்கத் தொலைக்காட்சி 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒளிபரப்பியது. ‘லெஜென்ட்ஸ் ஒஃப் டுமாரோ’ என்னும் தொடரின் மூன்றாம் பருவத்தில் வந்த அவ்வத்தியாயத்தின் பெயர் ‘அமேசிங் கிரேஸ்’. அதியாற்றல் படைத்த வீரர் கூட்டம் ஒன்று காலக் கப்பலில் உலவி, பிசகிய வரலாற்றைச் சீர்செய்வது அத்தொடரின் பொருள். ஒரு நாள், ரொக் இசை என்பதே உலகில் இல்லாமற் போகின்றது. காரணம் தேடி வீரர்கள் 1954ஆம் ஆண்டு மெம்பிஸ் நகருக்குச் செல்கின்றனர். அங்கே எல்விஸ் பிரெஸ்லி என்னும் இளைஞனின் கிற்றாரிலே, இறந்தோரை எழுப்பும் மந்திரப் பொருள் ஒன்று பதிந்திருக்கின்றது. அக்கிற்றாரின் வழியாக அவன் பிறப்பிலேயே இறந்த தன் இரட்டைச் சகோதரனோடு உறவாடுகின்றான். உறவினராகிய போதகர் ஒருவர் அவனுடைய இசையைப் பேயின் இசை எனப் பழிக்கின்றார். ஆவிகள் நகரிலே திரிய, முடிவில் எல்விஸ் பழைய கிறிஸ்தவப் பாடல் ஒன்றை இசைத்து அவற்றை அமைதியுறச் செய்கின்றான். ரொக் இசையும் உலகுக்கு மீள்கின்றது.

இக்கதை இனிமையானது. எனினும், அது எடுத்தாளும் கதைமரபுகளை ஒவ்வொன்றாக வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். ஒரு மனிதன், ஒரு கருவி, ஒரு நாள் ஆகிய மூன்றிலும் ஒரு கலை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கின்றது என்பது முதல் மரபு. மூத்தோரின் சமயம் இளையோரின் இசைக்குப் பகை என்பது இரண்டாவது. இறந்தோரைப் பாட்டினால் ஆற்றி அனுப்பிவிடலாம் என்பது மூன்றாவது.

இரண்டாவது மரபை முதலில் நோக்குவோம். எல்விஸ் 1935ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்து ரூபெலோ என்னும் சிற்றூரிலே வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த இரட்டையரான ஜெசி காரன் உயிரின்றியே பிறந்தார் என்பது மெய்ச் செய்தி. கிற்றாரும் மெய்யே. ஆனால் அதில் மந்திரம் எதுவும் இருக்கவில்லை. தாயார் அதை ஊரிலுள்ள ஓர் இரும்புச் சாமான் கடையில் வாங்கிக் கொடுத்தார். அதை மீட்டச் சிறுவனுக்குக் கற்பித்தவர் யார்? அவருடைய உறவினர் இருவரும், குடும்பத்தார் வழிபட்ட தேவாலயத்தின் போதகருமே. கதையிலே கிற்றாருக்குப் பகைவராக வரும் போதகர், வரலாற்றிலே அதன் ஆசிரியர்களுள் ஒருவர். ரொக் இசையைப் பின்னர் மேடையேறிக் கண்டித்த போதகர்கள் இருந்தனர் என்பது உண்மையே. ஆயினும், அவ்விசையின் துடிப்பும் ஆரவாரமும் பெருமளவுக்குத் தேவாலயத்திலிருந்தே வந்தன என்பதும் அதே அளவு உண்மை.

இதற்குச் சிறந்த சான்று சிஸ்டர் ரொசெற்றா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி. மின் கிற்றாரை ஏந்திப் பக்திப் பாடல்களைத் துள்ளிசையாகப் பாடியவர் அவர். 1944இல் அவர் பதிவுசெய்த பாடலொன்று, அடுத்த ஆண்டிலே கறுப்பின மக்களின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் உயர்ந்த இடம் பெற்றது. எல்விஸ் அப்போது பத்து வயதுச் சிறுவர். ரொக் இசையின் முதல் ஒலிகளை இப்பதிவிலேயே கேட்பதாகச் சொல்லும் இசை வரலாற்றாசிரியர் பலர்.

இனி, முதல் மரபுக்கு வருவோம். 1954ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரம் எத்தகையது? டெனசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலே, பருத்தி வாணிகத்தால் வளர்ந்த நகரம் அது. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே பாடசாலையிற் பயிலவோ, பேருந்தில் ஒன்றாக அமரவோ அந்நாளைய சட்டம் இடந்தரவில்லை. பாடசாலைகளில் இத்தகைய பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டு மே மாதத்திலேயே. ஆனால், சட்டம் மனிதரைப் பிரித்து வைத்த காலத்திலும் வானலைகளைப் பிரித்து வைக்க எவராலும் இயலவில்லை.

மெம்பிஸிலே டபிள்யூ. டி. ஐ. ஏ. என்றொரு வானொலி நிலையம் 1947இல் தொடங்கிற்று. அதன் உரிமையாளர் வெள்ளையர். வருவாய் குன்றியபோது, 1948இல் நாட் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினப் பள்ளி ஆசிரியரை அறிவிப்பாளராக அமர்த்தினர். நேயர்கள் பெருகவே, நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின மக்களுக்கென்றே அமைத்தனர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. பி. கிங் அங்கே அறிவிப்பாளராகப் பணிபுரிந்தவரே. வெள்ளை இளைஞர் தம் வீட்டு அறைகளிலிருந்து அந்நிலையத்துக்குச் செவி கொடுத்தனர். 1948 நவம்பரிலே குடும்பத்தோடு மெம்பிஸில் குடியேறிய எல்விஸ், இந்த வானலைகளின் நடுவிலேதான் வளர்ந்தார்.

அதே நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் 1950 சனவரியிலே சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். பெரிய கொம்பனிகள் எட்டியும் பாராத கறுப்பினப் பாடகரை அவர் அழைத்துப் பதிவு செய்தார். 1951இல் ஐக் ரேணரின் குழுவினர் அங்கே ‘ரொக்கெட் 88’ என்னும் பாடலைப் பதிவு செய்தனர். பாடியவர் ஜாக்கி பிரென்ஸ்ரன். வரும் வழியிலே அவர்களுடைய ஒலிபெருக்கி பழுதுற்றதென்றும், அதனுள் கடதாசியைத் திணித்து வாசித்தபோது எழுந்த கரகரத்த ஓசையே பின்னர் ரொக் கிற்றாரின் அடையாளமாயிற்றென்றும் கூறுவர். ரொக் இசையின் முதற் பதிவு இதுவே எனக் கொள்வாரும் உளர். எல்விஸ் அக்கூடத்தின் வாயிலை மிதிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

1953 கோடையிலே எல்விஸ் அங்கே வந்து, தம் கைக்காசைக் கொடுத்து ஒரு தட்டைப் பதிவு செய்தார். 1954 யூலை 5ஆம் நாள், ஸ்கொட்டி மூர், பில் பிளாக் என்னும் இசைஞர் இருவரோடு மீண்டும் கூடத்தில் நின்றார். அன்றைய முயற்சிகள் எதுவும் சோபிக்கவில்லை. ஓய்வு வேளையில் விளையாட்டாக ஒரு பாடலை அவர் துள்ளிப் பாடத் தொடங்க, மற்றையோரும் சேர்ந்துகொள்ள, சாம் பிலிப்ஸ் அதையே பதிவு செய்தார். சில நாள்களில் டியூவி பிலிப்ஸ் என்னும் அறிவிப்பாளர் அதை வானொலியில் ஒலிபரப்பினார். கேட்டவர்கள் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அதையே வேண்டினர். அன்றிரவே நிலையத்துக்கு அழைக்கப்பட்ட எல்விஸிடம், எந்தப் பாடசாலையிற் படித்தீர் என அறிவிப்பாளர் வினவினார். அது வெறும் நலன் விசாரணையன்று. பாடசாலையின் பெயரைக் கேட்டால், பாடியவர் வெள்ளையர் என்பதை நேயர் உணர்ந்துகொள்வர். அக்குரலை அதுவரை பலர் கறுப்பினத்தவரின் குரலென்றே எண்ணியிருந்தனர்.

அப்பாடல் எல்விஸுடையதன்று. ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946இலே இயற்றிப் பாடிய ‘தற்ஸ் ஓல் ரைற்’ அது. அத்தட்டின் மறுபக்கத்துப் பாடலோ, வெள்ளையர் நாட்டிசையில் வல்லவரான பில் மன்றோவுடையது. ஒரே தட்டின் இரு பக்கங்களிலும் இரு இனத்தாரின் இசைகள் ஒன்றையொன்று தழுவி நின்றன. இவ்வாறு நோக்கும்போது, ரொக் இசை ஒரு கிற்றாரிலிருந்து பீறிட்ட ஊற்றன்று என்பதும், பல ஓடைகள் கூடிய ஆறு என்பதும் புலனாகும். எல்விஸை அவ்வாண்டிலிருந்து அகற்றிவிட்டாலும் சக் பெரியும், லிற்றில் ரிச்சர்ட்டும், பற்ஸ் டொமினோவும் இருந்திருப்பர். ஆறு வேறு வழியாகப் பாய்ந்திருக்கலாம்; வற்றியிருக்காது.

தொலைக்காட்சிக் கதைதானே, இதிலென்ன கேடு எனச் சிலர் கேட்கலாம். ஒருவரை மட்டும் மூலவர் ஆக்கும்போது மற்றையோர் மறைந்து போகின்றனர். மறைந்தவர்கள் கற்பனை மாந்தரல்லர். கூலி பெறாத மனிதர். ஆர்தர் குரூடப் தம் பாடல்களுக்குரிய உரிமைப் பணத்தைப் பெறாமையால் மனம் வெறுத்து, ஒலிப்பதிவையே கைவிட்டுக் கூலி வேலைக்குச் சென்றார். 1970களின் தொடக்கத்திலே ஒரு தீர்வு கைகூடும்போல் தோன்றிக் கடைசி வேளையிற் கைநழுவியது. 1974இல் அவர் வறியவராகவே மறைந்தார். ‘ஹவுண்ட் டோக்’ என்னும் பாடலை எல்விஸுக்கு முன், 1952இலேயே பதிவு செய்தவர் பிக் மாமா தோண்டன். அப்பாடலால் தமக்குக் கிடைத்தது 500 டொலர் மட்டுமே என்று அவர் கூறினார். சாம் பிலிப்ஸோ 1955இல் எல்விஸின் ஒப்பந்தத்தைப் பெரிய கொம்பனி ஒன்றுக்கு 35,000 டொலருக்கு விற்றார்.

இதில் எல்விஸ் மீது முழுப் பழியையும் சுமத்துதல் நேர்மையாகாது. தாம் பாடும் இசையைக் கறுப்பின மக்கள் நெடுங்காலமாகப் பாடி வருகின்றனர் என அவரே 1956இல் செய்தியாளரிடம் சொன்னார். குரூடப்பின் பெயரையும் எடுத்துரைத்தார். மறைத்தது மனிதரினும் சந்தையும், அச்சந்தை விரும்பிய கதையுமே. 1985இல் வந்த ‘பாக் டு த பியூச்சர்’ என்னும் திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வருங்காலத்திலிருந்து 1955க்குச் செல்லும் வெள்ளை இளைஞன், சக் பெரி 1958இல் வெளியிட்ட பாடலை முன்கூட்டியே வாசித்துக் காட்டுகின்றான். அதைத் தொலைபேசி வழியாகக் கேட்டே சக் பெரி அப்பாடலை அறிந்தார் என வேடிக்கையாகக் கதை கூறுகின்றது. சிரித்து மகிழத்தக்க காட்சியே. ஆயினும், ஒருவனுடைய உடைமையைப் பறித்து, அதை அவனுக்கே பரிசாகக் கொடுத்ததாகக் கதை கட்டுவதை வேடிக்கையென்று விட்டுவிடலாமோ?

இறுதியாக மூன்றாவது மரபு. ஆவிகளை ஆற்றும் பாடலாக அத்தியாயம் எடுத்துக்கொண்ட ‘அமேசிங் கிரேஸ்’ 1779இல் அச்சேறியது. இயற்றிய ஜோன் நியூற்றன் ஆங்கிலேயப் போதகர். இளமையிலே அடிமைக் கப்பல்களின் தலைவராயிருந்து ஆபிரிக்க மக்களைக் கடல் கடத்தி விற்றவர். பிற்காலத்தில் மனந்திருந்தி, 1788இல் அடிமை வாணிகத்தின் கொடுமைகளை வெளிப்படுத்தி நூல் எழுதினார். இன்று உலகம் பாடும் மெட்டோ 1835இல் அமெரிக்காவிலே அதனோடு இணைக்கப்பட்டது. பின்னர், அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்களே அதைத் தம் தேவாலயங்களிற் பாடி, தமதாக்கிக்கொண்டனர். இப்பாடலும் ஒரு கையின் வேலையன்று. நியூற்றன் தம் பாவத்தைப் பாடியதோடு நில்லாமல், அதை நூலிலும் எழுதி ஒப்புக்கொண்டார் என்பதும் கருதத்தக்கது. இறந்தோர் பாட்டினால் மட்டும் ஆறுவதில்லை. அவர்க்குரியதை ஒப்புக்கொள்ளும்போதே ஆறுவர்.

1973இல் மறைந்த ரொசெற்றா தார்ப்பின் கல்லறை, பெயர் பொறித்த கல் ஒன்றுமின்றிப் பல ஆண்டுகள் கிடந்தது. அவருடைய பெயர் ரொக் இசையின் புகழ் மண்டபத்திலே சேர்க்கப்பட்டது 2018ஆம் ஆண்டு ஏப்ரலில். எல்விஸின் ஒற்றைக் கிற்றாரைத் தேடி வீரர் கூட்டம் காலம் கடந்து சென்ற கதை ஒளிபரப்பாகி, அப்போது ஏறக்குறைய ஒரு மாதமே கழிந்திருந்தது. அக்கூட்டத்தார் தம் கப்பலை இன்னும் பத்து ஆண்டு பின்னோக்கிச் செலுத்தியிருப்பின், கையில் மின் கிற்றாருடன் நின்று பாடும் அப்பெண்மணியைக் கண்டிருப்பர்.