வண்டன்மேட்டு ஏடும் வைத்தியர் நாவும்



கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறிக் கம்பம்மெட்டைக் கடந்து சென்றால் ஏலத்தோட்டங்களின் நாடு தொடங்குகிறது. அந்நாட்டின் பேர்போன ஊர்களில் ஒன்று வண்டன்மேடு. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, தேனி மாவட்டத்துத் தமிழர்கள் நாள்தோறும் இம்மலைக்கு வேலைக்கு வருகின்றனர். அங்கேயே பல தலைமுறைகளாகக் குடியிருந்துவிட்டோரும் உண்டு. 1956இல் மொழிவழியே மாநிலங்கள் பிரிந்தபொழுது தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகள் கேரளத்தோடு நின்றன. அன்று முதல் அவர்கள் நின்ற இடத்திலேயே வேற்று மாநிலத்தார் ஆயினர்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. அடித்தூரில் தரையோடு தரையாகக் கிளைக்கும் கொத்துகளில் காய்ப்பது. ஆகவே காய் எடுப்பவர் பகலெல்லாம் குனிந்தே இருத்தல் வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்வதும் முழங்கால் வீங்குவதும் இத்தொழிலோடு கூடப் பிறந்தவை. வலி மிகுந்தால் மக்கள் உழிச்சிலை நாடுகின்றனர். உழிச்சில் என்பது எண்ணெயிட்டு உடம்பை நீவிவிடும் மருத்துவம். நம் ஊரில் தடவுதல் என்றும் பிடித்துவிடுதல் என்றும் சொல்லுவோம். குமுளி, தேக்கடிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கென்றே அமைந்த உழிச்சில் நிலையங்களும் பல உள்ளன.

எண்ணெய் காயும் முன்னரே, முறைப்படி நடக்கும் நிலையத்தில் ஓர் ஏடு விரிக்கப்படுகிறது. சர்க்கரை உண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா? தோல்நோய் உண்டா? அறுவைச் சிகிச்சை நடந்ததுண்டா? பெண்ணாயின், கருவுற்றிருக்கிறாளா? இவை வம்பு வினாக்கள் அல்ல. காய்ச்சல் உள்ள உடம்பிலும் செரியாமை உள்ள உடம்பிலும் எண்ணெய் இடலாகாது என்பது ஆயுர்வேத விதி. கருவுற்றவளை அறியாமல் அழுத்தி நீவினால் கேடு விளையும். ஆகவே உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன உண்மை எங்கே போகிறது என்பதுதான் நாம் ஆராயப் புகும் பொருள். ஊர் சிறியது. ஏடு எழுதுபவர் வேலைக்கு ஆள் கூட்டிவரும் கங்காணிக்கு உறவாகவும் இருக்கலாம். ஒருத்தியின் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது என்ற செய்தி மறுநாள் ஜீப்பை எட்டினால், அதற்கடுத்த நாள் அந்த ஜீப்பில் அவளுக்கு இடம் இல்லாமற் போகவும் கூடும்.

நோயாளி சொன்னதை வைத்தியன் வெளியிடலாகாது என்ற கொள்கை மிகப் பழையது. கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரடீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில் அது இருப்பதைப் பலரும் அறிவர். நம் நாட்டுச் சரக சம்ஹிதையிலும் அது உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. அந்நூலின் விமான ஸ்தானத்து எட்டாம் அத்தியாயத்தில், மருத்துவம் பயில வரும் மாணவனுக்கு ஆசிரியன் இடும் கட்டளைகள் கூறப்படுகின்றன. நோயாளியின் இல்லத்துக்குள் உரியவர் இசைவோடும் துணையோடுமே நுழைதல் வேண்டும். உள்ளே கண்ட குடும்ப நடப்புகளை வெளியே பேசலாகாது. நோயாளியின் ஆயுள் குறைந்தது என்று தெரிந்தாலும், சொல்வதால் தீங்கு விளையுமிடத்தில் சொல்லலாகாது என்கிறது அந்நூல். வைத்தியன் நோயாளியின் வீடு தேடிச் சென்ற காலத்து விதி அது.

நம் தமிழ் நாட்டு வர்ம ஆசான்களும் கேரளத்துக் களரி ஆசான்களும் இரகசியம் காப்பதில் பேர்பெற்றவர்கள். ஆனால் அவர்கள் பெரிதும் காத்தது எதை? வர்மப் புள்ளிகளையும் எண்ணெய்ப் பக்குவத்தையும் அல்லவா! தகுதியற்றவன் கையில் வர்மம் சிக்கினால் உயிர் போகும் என்ற அச்சத்தால் அவ்வாறு காத்தனர். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் வித்தையை மறைத்த அளவுக்கு நோயாளியின் செய்தியை மறைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கே வலுப்பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. களரி முற்றத்தில் ஊரார் பார்க்க எலும்பு கட்டப்பட்டது. அடிபட்ட வீரனுக்கு அதில் நாணம் இல்லை. அவன் காயம் அவனுக்குப் பெருமை. கூலிக்காரன் நோய் அப்படிப்பட்டதன்று.

கூலிக்காரன் நோய் அவனுக்கே உரியது என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்கு நெடுங்காலம் தோன்றியதே இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவரை எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டது. பின்னர் மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்து வைத்து, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி, அதன் பிறகே கப்பலேற்றினர். கொள்ளைநோய் பரவாமல் தடுப்பது அரசின் கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோதனையில் கண்டது யாருக்குச் சொல்லப்பட வேண்டும், யாருக்குச் சொல்லப்படலாகாது என்று அந்த வரிசையில் நின்றவனை எவரும் கேட்டதில்லை. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் அக்காலத்து மனப்பான்மைக்கு ஒரு சான்று. நோய் வெளிப்பட்ட ஏழையைப் பிடித்து அடைத்து வைக்க அது இடம் கொடுத்தது. நோயை ஒளிக்கும் பழக்கம் நம் மக்களுக்கு அறியாமையால் வந்தது என்று படித்தவர்கள் கூறுவதுண்டு. சொன்னால் என்ன நேரும் என்று அறிந்ததால் வந்த பழக்கம் அது.

சுதந்திரத்துக்குப் பின் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவ வசதியையும், நோய்க்கால உதவியையும், பேறுகால உதவியையும் அது தொழிலாளியின் உரிமையாக்கியது. பெரிய நன்மைதான். ஆனால் அவ்வுதவியைப் பெற மருத்துவச் சான்று வேண்டும். பல தோட்டங்களில் அம்மருத்துவர் தோட்டத்திலேயே சம்பளம் வாங்குபவர். நோயாளிக்கு வைத்தியரும் நிர்வாகத்துக்கு ஊழியருமாக ஒருவரே இருக்கும் நிலையில், அவர் நா எந்தப் பக்கம் சாயும்? 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. அந்தப் பழைய வினா எந்தத் தொகுப்பிலும் அடங்கவில்லை.

இனி உழிச்சிலுக்கு வருவோம். 1902இல் வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையை நிறுவினார். பிழிச்சில், ஞவரக்கிழி முதலிய சிகிச்சைகள் காலப்போக்கில் நாடறிந்தன. பின்னர் உல்லாசப் பயணம் பெருகவே, மலையிலும் கடற்கரையிலும் நிலையங்கள் எழுந்தன. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே உழிச்சில் செய்ய வேண்டும் என்று கேரளச் சுற்றுலாத் துறை தான் அங்கீகரிக்கும் நிலையங்களுக்கு விதித்தது. உடம்பின் மானத்தைக் காக்க இவ்வாறு ஒரு விதி பிறந்தது. உடம்பைப் பற்றிய செய்தியின் மானத்தைக் காக்க விதி பிறக்கப் பின்னும் நாளாயிற்று.

பட்டம் பெற்ற வைத்தியரைத் தொழில் ஒழுக்க விதிகள் கட்டுப்படுத்துகின்றன. உழிச்சில் செய்பவரோ பெரும்பாலும் சில மாதப் பயிற்சி பெற்ற தொழிலாளி. அவர் எந்த உறுதிமொழியும் எடுத்ததில்லை. எனினும் ஒருமணி நேரம் நோயாளியோடு தனித்திருப்பவர் அவரே. எண்ணெய் ஊறி உடம்பு தளரும்போது மனமும் தளர்கிறது. வைத்தியரிடம் சொல்லாததையும் அவரிடம் சொல்லிவிடுகின்றனர். நிலையத்தார் முதலில் பயிற்றுவிக்க வேண்டியது அவருடைய கையை மட்டுமன்று.

சட்டத்தின் கதை சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இணைந்தது. 1995இல் ஒருவர் உறவினரின் சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனை ஒன்றுக்கு வந்து இரத்தம் கொடுத்தார். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது சோதனையில் தெரிந்தது. செய்தி வெளிப்பட்டது, நிச்சயமான திருமணம் நின்றது, சொந்த ஊரில் வாழ முடியாமல் அவர் வெளியேறினார். 1998இல் உச்ச நீதிமன்றம், இரகசியம் காப்பது மருத்துவரின் கடமையே என்றும், மணக்கவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருந்தமையால் அக்கடமை அங்கே தளர்ந்தது என்றும் தீர்ப்பளித்தது. மணமகளுக்குச் சொல்வது வேறு, ஊருக்குத் தெரிவது வேறு; அந்த வேற்றுமை அத்தீர்ப்பில் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது என் கருத்து. 2017இல் இயற்றிய தனிச்சட்டம் எச்.ஐ.வி. நிலையை இசைவின்றி வெளியிடுவதைத் தடை செய்து, விதிவிலக்குகளையும் வரையறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக அறிவித்தது.

அவ்வுரிமை கேரளத்திலேயே சோதனைக்கு உள்ளானது 2020இல். கொரோனா காலத்தில் வீட்டில் தனித்திருந்தோரின் உடல்நலச் செய்திகளை வார்டுதோறும் ஊழியர்கள் திரட்டினர். அவற்றைத் தொகுத்து ஆராயும் பணி ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு அளிக்கப்பட்டிருந்தது தெரியவந்ததும் பெரும் விவாதம் மூண்டது. ஏப்ரல் 24இல் கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. இன்னாருடையது என்று தெரியாதபடி பெயர் அடையாளங்களை நீக்கிய பிறகே செய்திகளைக் கம்பெனி காணலாம். இனித் திரட்டும்போது வெளியார் பார்க்க நேரும் என்பதை மக்களுக்குச் சொல்லி இசைவு பெற வேண்டும் என்பன அதன் சாரம். செய்திகள் அரசு நிறுவனமான சி-டிட்டிடமே இருக்கும் என்று அடுத்த மாதம் அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆபத்துக் காலத்திலும் இசைவு கேட்க வேண்டும் என்று அன்று அரசையே நீதிமன்றம் பணித்திருக்க, இடுப்பு வலிக்கு எண்ணெய் இடும் நிலையம் கேளாதிருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின; முக்கியக் கடமைகளை நிறைவேற்ற அவை 18 மாத அவகாசம் கொடுத்தன. என்ன காரியத்துக்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லி இசைவு பெறுதல் வேண்டும். காரியம் முடிந்தபின், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அழித்துவிடல் வேண்டும். தக்க காவல் இன்றிச் செய்தி கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் ஒரு குறை உண்டு. கணிப்பொறியில் அல்லது கைபேசியில் ஏறிய செய்திக்கே இச்சட்டம் பொருந்தும். காகித ஏட்டோடு நின்றுவிட்ட செய்தி இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. சிறு நிலையங்களில் அந்த ஏடு வரவேற்பு மேசைமேல் திறந்தே கிடக்கிறது. அடுத்து வருபவர் கையெழுத்திடும்போது முன்னவரின் நோயை வாசித்துவிடலாம். ஆளுக்கொரு தாளும், பூட்டுள்ள ஒரு பெட்டியும் இருந்தால் இது தீரும். செலவு ஒரு புட்டி தைலத்தின் விலைகூட ஆகாது.

மற்றொன்று, வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கே உரியது. இசைவுத் தாள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டிருக்கும். நம்மவர் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்து வருகின்றனர். புதிய சட்டமோ, இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் வேண்டிய ஒன்றில் பெறும் வசதியையும் தரவேண்டும் என்கிறது. தமிழ் அவ்வட்டவணையில் இருக்கிறது. வண்டன்மேட்டிலாயினும் மும்பையிலாயினும் பெங்களூரிலாயினும், கைநாட்டு வைக்கும் முன், தமிழில் எழுதிய தாளைக் கொடுங்கள் என்று கேட்கலாம்.