விருப்பாட்சி கோபால நாயக்கர்

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகே உள்ள விருப்பாட்சிப் பாளையத்தின் தலைவர் (இறப்பு 1801). கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியை எதிர்த்த திண்டுக்கல் கூட்டணியை நடத்தியவர். மலைவாழைக்குப் பேர்போன இவ்வூரில் இவருக்கு மணிமண்டபம் உண்டு.

1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலு நாச்சியார், 1780இல் சிவகங்கையை மீட்கும் வரை தங்கியது விருப்பாட்சியில்தான். பலரும் கோபால நாயக்கரை இந்த அடைக்கலத்துக்காகவே நினைவுகூர்கிறார்கள். அவருடைய பெரிய வேலை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்குப் போனது. அங்கிருந்த பாளையக்காரர்களை உறுத்தியது கிஸ்தியும் (வரி), காவல் உரிமையில் கும்பினி கைவைத்ததும்.

மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்ட கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்களோடும் தொடர்பு வைத்திருந்தார். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகும் இந்தத் தொடர்பு அறுந்துவிடவில்லை. மைசூரின் வடக்கே படைதிரட்டிய தூந்தாஜி வாக்கிடமும் தூது போயிற்று. குதிரைப்படை அங்கிருந்துதான் வர வேண்டும். 1800இல் விருப்பாட்சியில் கூடியவர்கள் கோயம்புத்தூர்க் கோட்டையைக் குறிவைத்தார்கள். நாள் ஜூன் 3. மொகரம் சமயம் என்பதால் கோட்டையிலுள்ள முஸ்லிம் சிப்பாய்கள் விழாவில் இருப்பார்கள் என்பது கணக்கு. திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுத் தோற்றது. 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லியின் படையோடு மோதித் தூந்தாஜி மாண்டதும் வடக்கு உதவியும் இல்லாமல் போயிற்று. கூட்டணியின் பலம் தொலைதூர இணைப்பு என்றால், பலவீனமும் அதுவே.

1801இல் கும்பினிப் படை விருப்பாட்சியைப் பிடித்தது. தப்பியோடிய கோபால நாயக்கர் அகப்பட்டு, திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். அங்குள்ள கோபாலசமுத்திரம் குளம் அவர் பெயரால் வழங்குகிறது என்பது ஊர் வழக்கு. அடிவாரம் அடங்கியபின் வெள்ளையர் மலைக்கு மேல் போனார்கள். 1821இல் ஆங்கிலேய அதிகாரி வார்டு நில அளவைக்காகப் பழனி மலையில் ஏறினார்; 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மலையின் வரலாற்றை 1845இலிருந்து தொடங்கும் சுற்றுலாக் கையேடுகளில் விருப்பாட்சிக்கு இடமிருப்பதில்லை.