அழுத குழந்தையும் வரைந்த நாற்காலியும்: விக்டோரியா காலக் குழந்தைப் படங்களின் கூட்டுப் பின்புலம்

பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக அச்சிட்டதையும், தீட்டிய திரைக்கு முன் ஆளை நிறுத்தியதையும், ஓவியத்தைப் பார்த்து ஒளிப்படம் வழிதவறிய கதையாகவே ஹெல்முட் கெர்ன்ஷைம் எழுதினார். 1955இல் வெளிவந்த அவரது ஒளிப்பட வரலாறு இத்துறைக்கு அடிநூல். அதனால்தான் அத்தீர்ப்பை விரிவாக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர் தீர்ப்புக்கு அடிப்படை கண்காட்சிப் படங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களால் ரெய்லாண்டர் 1857இல் உருவாக்கிய ‘வாழ்வின் இரு வழிகள்’, ஐந்து நெகட்டிவ்களால் ராபின்சன் 1858இல் ஆக்கிய மரணப்படுக்கைக் காட்சி ஆகியவை ஓவியத்தோடு போட்டியிட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாடம் ஸ்டுடியோ படியேறிய குழந்தையின் படத்துக்கும் இதே அளவுகோல் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் வாதம். குழந்தைகளைப் படமெடுத்தவர்களில் கெர்ன்ஷைம் உச்சியில் வைத்தது லூயிஸ் கரோலை. அந்தக் கரோலே 1875இல் கிட்சின் வீட்டுக் குழந்தைகளை மரக்குதிரையோடும் சிறுத்தைத் தோலோடும் நிறுத்தி, புனித ஜார்ஜ் கதையைப் படமாக்கியிருக்கிறார். புனைவை விலக்கிய தூய மரபொன்றைக் குழந்தைப் படங்களில் தேடுவது வீண்.

அன்றைய ஸ்டுடியோக்களில் பயன்பட்ட ஈரக் கொலோடியன் தட்டுக்குப் பல விநாடிகள் ஒளி தேவைப்பட்டது. பெரியவர்கள் அசையாமல் இருந்துவிடுவார்கள், கைக்குழந்தை இருக்காது. தாயைத் துணியால் போர்த்தி, நாற்காலிபோல் அமரவைத்து, அவள் மடியில் குழந்தையை இருத்தி எடுத்த படங்கள் ஏராளமாக எஞ்சியுள்ளன. அங்கே பின்புலமாக நிற்பது தாயின் உடலே. அழகுக்காக அப்படிச் செய்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு படத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1872இல் வெளியான டார்வினின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் முதல் தகட்டின் முதல் படம்: மெத்தை நாற்காலியில் வாய்விட்டு அழும் குழந்தை. எடுத்தவர் ரெய்லாண்டர். ‘ஜிங்க்ஸின் குழந்தை’ என்ற பெயரில் அது பெரும் புகழ்பெற்றது. நாம் காண்பது நேரடி ஒளிப்படம் அன்று. சிறிய மூலப்படத்தைப் பார்த்து வரைந்த சித்திரத்தை மீண்டும் ஒளிப்படமாக்கியது அது என்பதை ஒளிப்பட வரலாற்றாய்வாளர் பிலிப் பிராட்ஜர் எடுத்துக்காட்டியுள்ளார். அப்படியானால் குழந்தை சாய்ந்திருக்கும் நாற்காலியும் கைக்கோடுதான். எந்தச் சித்திரத்தையும்விட ஒளிப்படமே தம் நோக்கத்துக்கு ஏற்றது என்று எழுதியவர் டார்வின். அவர் நூலிலேயே சித்திரம் ஒளிப்படமாக அமர்ந்துவிட்டது.

இது ஓவிய மோகத்தால் நேர்ந்ததா? அல்ல என்றே கருதுகிறேன். ஓர் அழுகையை நொடிப்பொழுதில் பிடிக்க, சிறிய தட்டும் குறுகிய குவியத் தொலைவுள்ள லென்சும்தான் கைகொடுக்கும். முகத்தைக் கருவி பிடித்தது. அளவையும் சூழலையும் கை நிரப்பியது. மூலப்படம் எடுத்த நாளை 1872க்கு முந்தையது என்பதற்கு மேல் துணிந்து வரையறுக்க இயலவில்லை. ஒரே சான்றின்மேல் நிற்கும் வாதம் இது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், அசையும் குழந்தையைத் தனியாகவும் அசையாப் பின்புலத்தைத் தனியாகவும் கையாளும் தேவையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் வேறில்லை.

என் வாதத்துக்கு இரண்டு தடைகள் உண்டு. தீட்டிய திரைக்கு லண்டனில் ஒளிப்படக்காரர் கிளோதே காப்புரிமை பெற்றது 1841இல். ஆகவே திரையின் பிறப்புக்குக் குழந்தை காரணமாகாது. அடுத்து, மேடாக்ஸ் 1871இல் முன்வைத்த ஜெலட்டின் முறை மேம்பட்டு, 1880 வாக்கில் உலர் தட்டு கடைக்கு வந்ததும், ஒளி தரும் நேரம் நொடிக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகும் திரைகள் மறையவில்லை. தேவை தீர்ந்தபின் நீடித்தது பழக்கமும் ரசனையும்தான். அந்தப் பிற்காலத்துக்கு கெர்ன்ஷைமின் தீர்ப்பு பொருந்தும்.

முற்காலத்துக்குப் பொருந்தாது. குழந்தைப் படத்தில் கூட்டுப் பின்புலம் வேரூன்றியது, அசையாமல் இருக்கத் தெரியாத உடலுக்குக் கருவி ஈடுகொடுக்க முடியாததால்.